உள்ளுறை வெப்பம்

அடுப்பின்மேல் உலை ஏற்றப்படுகின்றது. தீ எரிகின்றது. சிறிது நேரத்தில் நீர் வெதுவெதுப்பாகின்றது, பின்னர்ச் சுடுகின்றது, அதன் பின்னர்க் குமிழியெழுந்து கொதிக்கின்றது. அதுவரையில் தீ தந்த வெப்பம் நீரிற் சேர்ந்து அதன் சூட்டைப் படிப்படியாக ஏற்றி வந்ததை வெப்பமானி காட்டும். கொதி வந்த பின்னரோ, தீ முன்போலவே எரிந்துகொண்டிருந்தும், வெப்பமானியின் பாதரசம் 100 பாகையிலேயே நின்றுவிடுகின்றது. விறகு குறையவில்லை, தீயும் தணியவில்லை, அடுப்பிலிருந்து பானைக்குள் வெப்பம் சென்றுகொண்டேதான் இருக்கின்றது. அவ்வெப்பம் எங்கே போயிற்று?

நாள்தோறும் சமையலறையில் நிகழும் இதனை எத்தனையோ தலைமுறையினர் கண்டிருந்தனர். கண்டவர் பலர், கேட்டவர் சிலர். கேட்டதோடு நில்லாமல் அளந்தும் பார்த்து விடை கூறியவர் ஜோசப் பிளாக் என்னும் பேராசிரியர். இவர் 1728-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் போர்தோ நகரில் மது வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர்; ஸ்காட்லாந்தில் மருத்துவமும் வேதியியலும் பயின்றவர்; 1756 முதல் பத்தாண்டுக் காலம் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக விளங்கியவர். நாம் மூச்சாக வெளிவிடும் கரியமில வாயுவின் இயல்பை ஆராய்ந்து உணர்த்தியவரும் இவரே. மாணவர்களுக்குப் பாடஞ் சொல்லும்போதே சோதனைகளையும் செய்து காட்டுதல் இவரது வழக்கம். இவர் பேசுவது குறைவு. எழுதி வெளியிட்டது அதனினும் குறைவு. ஆகவே, இங்கே கூறப்படும் செய்திகளிற் பெரும்பாலன அவர் 1799-இல் மறைந்த பின்னர், 1803-இல், அவருடைய நண்பர் ஒருவர் பதிப்பித்த வகுப்புரைகளின் வாயிலாகவே உலகிற்கு விரிவாகத் தெரியவந்தன.

பிளாக்கின் சிந்தனையை முதலில் தூண்டியது கொதிக்கும் நீர் அன்று, உருகும் பனி. அந்நாளில் அறிஞர்கள் கொண்டிருந்த கருத்து இது: பனிக்கட்டி உருகும் நிலையை எய்திவிட்டால், அதற்குமேல் மிகச் சிறிதளவு வெப்பம் சேர்ந்த அளவிலேயே அது முழுவதும் நீராகிவிடும். கேட்பதற்கு இது பொருத்தமாகவே தோன்றும். ஏனெனில், உருகும் பனிக்கட்டியில் வெப்பமானியை வைத்தாலும், அதிலிருந்து அப்போதே வடிந்த நீரில் வைத்தாலும், இரண்டிலும் ஒரே அளவையே காட்டுகின்றது. சூட்டில் வேறுபாடு இல்லை. எனவே வெப்பத்திலும் வேறுபாடு இராது என்று அவர்கள் முடிவு கட்டினர்.

பிளாக் இதனை ஏற்கவில்லை. அவர் தம் நாட்டு மலைகளை எண்ணிப் பார்த்தார். குளிர்காலம் முழுவதும் பெய்த பனி மலைச்சரிவுகளிற் பெருங்குவியலாகக் கிடக்கின்றது. வேனிலின் தொடக்கத்தில் காற்று வெப்பமடைகின்றது. அறிஞர்கள் கூறுவது மெய்யாயின், குவிந்து கிடந்த பனியனைத்தும் சில நொடிகளிலோ நிமிடங்களிலோ ஒருசேர நீராகிப் பெருவெள்ளமாகப் பாய்ந்து, அடிவாரத்து ஊர்களையும் கழனிகளையும் வாரிக்கொண்டு போதல் வேண்டும். ஆண்டுதோறும் அவ்வாறு நிகழ்வதில்லை. பனி கிழமைக் கணக்கில், சில இடங்களில் திங்கட் கணக்கில், சிறுகச் சிறுக உருகி ஓடைகளை நிரப்புகின்றது. வெயிலும் காற்றும் ஓயாமல் வெப்பத்தைத் தந்துகொண்டிருந்தும் பனி தாமதிக்கின்றது என்றால், அது அவ்வெப்பத்தை ஏற்று எதற்கோ செலவிடுகின்றது என்பதுதானே பொருள்? அச்செலவு எவ்வளவு என்று கணக்கிட அவர் முற்பட்டார்.

1761-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அவர் செய்த சோதனை மிக எளியது. மெல்லிய கண்ணாடிக் குடுவைகள் இரண்டை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் 5 அவுன்சு நீரை வார்த்தார். ஒன்றிலிருந்த நீரைப் பனிக்கட்டியாக உறைவித்தார்; மற்றதிலிருந்த நீரை, உறையாமல், உறைநிலைக்குச் சற்று மேலே நிற்குமாறு குளிர்வித்தார். அவர் கையாண்டது பாரன்ஹீட் வெப்பமானி. அதன்படி பனிக்கட்டி 32 பாகையிலும், நீர் 33 பாகையிலும் இருந்தன. பின்னர், காற்றின் வெப்பநிலை மாறாமல் 47 பாகையில் இருந்த பெரிய கூடமொன்றில், இரு குடுவைகளையும் சிறிது இடைவெளிவிட்டுத் தொங்கவிட்டார். கூடத்துக் காற்று இரண்டுக்கும் பொது, குடுவைகள் ஒத்தவை, எடையும் ஒன்றே. ஆகவே இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்திலேயே காற்றிலிருந்து வெப்பத்தைப் பெறும். இனிச் செய்ய வேண்டியது காத்திருத்தல் மட்டுமே.

நீர் இருந்த குடுவை அரைமணி நேரத்தில் 33 பாகையிலிருந்து 40 பாகைக்கு ஏறிற்று. அஃதாவது, அரைமணிக்கு 7 பாகை. பனிக்கட்டி இருந்த குடுவையோ அசையவில்லை. ஒரு மணி கழிந்தது. இரண்டு மணி கழிந்தது. ஐந்து மணியும் கழிந்தது. உள்ளே பனிக்கட்டி மெல்ல மெல்லக் கரைந்ததேயன்றி, வெப்பநிலை ஏறவில்லை. காற்றிலிருந்து வெப்பம் உள்ளே செல்கின்றது என்பதில் ஐயமில்லை. பனிக்கட்டிக் குடுவையின் அடியிற் கையை வைத்தால், வெப்பத்தை இழந்து குளிர்ந்த காற்று ஓயாமற் கீழிறங்குவதைக் கையே உணர்ந்தது. இறுதியாக, பனிக்கட்டி முழுதும் உருகி, அவ்வாறு உருகிய நீர் 40 பாகையை எய்துவதற்குப் பத்தரை மணி நேரம் ஆயிற்று.

இப்பொழுது கணக்கைப் பார்ப்போம். பத்தரை மணி என்பது இருபத்தோர் அரைமணி. அரைமணிக்கு 7 பாகை வீதம் 147 பாகைக்குரிய வெப்பம் அக்குடுவைக்குள் சென்றிருத்தல் வேண்டும். ஆனால் வெப்பமானியில் வெளிப்பட்டதோ 32-லிருந்து 40 வரை, 8 பாகையே. எஞ்சிய 139 பாகைக்குரிய வெப்பம் உள்ளே சென்றும் வெளிக்குத் தோன்றவில்லை. பனிக்கட்டியை நீராக்குவதற்கே அது செலவாயிற்று. வெந்நீரிற் பனிக்கட்டியை இட்டுக் கரைத்து மற்றொரு முறையாலும் பிளாக் இதனைச் சரிபார்த்தார். ஏறக்குறைய அதே விடை கிடைத்தது. இக்காலத்து நுண்கருவிகள் காட்டும் அளவு 143 பாகைக்குச் சற்று மேல். இரண்டு குடுவை, ஒரு வெப்பமானி, ஒரு கடிகாரம் ஆகியவற்றைக் கொண்டு ஒருவர் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே பிழைபட விடை கண்டார் என்றால், கருவியின் சிறப்பினும் கேள்வியின் சிறப்பே பெரிது என்பது புலனாகும். 1762-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் கிளாஸ்கோ நகரத்து அறிஞர் கழகமொன்றில் பிளாக் இதனை எடுத்துரைத்தார்.

இம்மறைந்த வெப்பத்திற்கு அவர் இட்ட பெயரின் பொருள், வெளிப்படாமல் உள்ளே இருப்பது என்பதாம். தமிழில் இதனை மறை வெப்பம் என்றும், உள்ளுறை வெப்பம் என்றும் வழங்குவர். இவ்விரண்டனுள் பின்னதே சாலப் பொருந்துவது. மறை வெப்பம் என்றவழி, வெப்பம் மறைந்து அழிந்தது போலவும் ஒரு மயக்கம் தோன்றும். உள்ளுறை என்றாலோ, அழியாமல் உள்ளே தங்கியுள்ளது என்பது பெறப்படும். தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என ஒன்றை வகுத்துரைக்கின்றது. புறத்தே ஒரு பூவையோ விலங்கையோ பற்றிய செய்தி மட்டும் கூறப்படும். சொல்லக் கருதிய பொருள் அதனுள்ளே தங்கியிருக்கும். கேட்க வல்லார் அதனை வெளிக்கொணர்வர். வெப்பத்தின் நிலையும் அத்தகையதே. உறைதல் என்னும் சொல் தங்குதலையும் குறிக்கும். நீர் கட்டியாதலையும் குறிக்கும். நீர் உறையும்போது, அதனுள் உறைந்திருந்த வெப்பம் வெளியேறுகின்றது என்று ஒரே சொல்லை இருமுறை வைத்துச் சொல்லத் தமிழ் இடந்தருகின்றது.

அங்ஙனம் வெளியேறுதலும் வெறுஞ்சொல் அன்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஆரஞ்சுத் தோட்டங்கள் மிகுதி. அங்கே சில குளிர்கால இரவுகளிற் கடும்பனி விழும்போது, தோட்டக்காரர்கள் மரங்களின்மேல் இரவு முழுவதும் நீரைத் தெளிக்கின்றனர். குளிரிலிருந்து காக்க வேண்டிய மரத்தை நீரால் நனைப்பது முரண்போலத் தோன்றும். ஆயினும், இலைமேற் படிந்த நீர் உறையும்போது, ஒவ்வொரு கிராமும் தன் உள்ளுறை வெப்பமாகிய 80 கலோரியை அவ்விலைக்கே தந்துவிடுகின்றது. ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு செல்சியஸ் பாகை உயர்த்தத் தேவைப்படும் வெப்பமே ஒரு கலோரி. தெளிப்பு நில்லாதவரையில் இலையின் வெப்பநிலை உறைநிலைக்கு மிகக் கீழே இறங்குவதில்லை, மரம் பிழைக்கின்றது. இடையிலே நீர் நின்றுவிட்டால் மட்டும் தீங்கு மிகுதியாகும்.

பனியிற் பெற்ற வெற்றிக்குப் பின் பிளாக் உலைநீரின் பக்கம் திரும்பினார். தட்டையான தகரப் பாத்திரங்களிற் சிறிதளவு நீரை எடுத்து, பழுக்கக் காய்ந்த இரும்பு அடுப்பின்மேல் வைத்தார். பாரன்ஹீட் 50 பாகையில் இருந்த நீர் ஏறத்தாழ 4 நிமிடங்களிற் கொதித்தது. அது முழுவதும் ஆவியாகிப் பாத்திரம் வறளுவதற்கு மேலும் 20 நிமிடங்கள் ஆயின. கொதிநிலைக்கு ஏற 162 பாகைக்கு 4 நிமிடமாயின், 20 நிமிடத்திற்கு 810 பாகை! அவ்வளவு வெப்பத்தையும் நீராவி தன்னகத்தே கொண்டு சென்றது. வெப்பமானியோ 212 பாகைக்கு மேல் ஒன்றும் காட்டவில்லை. இக்கணக்குச் சற்றே குறைவானது. மெய்யளவு 970 பாகையளவினது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இக்கால அளவையாற் கூறின், ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி. அந்நீரை 0 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேற்ற 100 கலோரி. அதனை ஆவியாக்க 540 கலோரி. ஆக 720 கலோரி. இதனுள் வெப்பமானி கண்டு சொன்னது 100 மட்டுமே. ஏழில் ஒரு பங்கைக் காட்டி, ஆறு பங்கைக் காட்டாமல் விடும் அக்கருவியை மட்டும் நம்பியே அதுகாறும் அறிஞர்கள் வெப்பத்தைப் பற்றிப் பேசிவந்தனர்.

உலையின் வினாவுக்கு இதுவே விடை. கொதித்த பின் செல்லும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகின்றது; நீரின் சூட்டை ஏற்றுவதற்கு ஒரு சிறிதும் எஞ்சுவதில்லை. ஆதலால், கொதி வந்த உலையின் கீழே தீயை மிகுப்பதனால் அரிசி விரைவில் வெந்துவிடாது, ஆவிதான் மிகுதியாகப் போகும், விறகும் வீணாகும். கொதித்ததும் தீயைத் தணிக்கும் பாட்டிமார்கள் கணக்கறியாமலே கணக்கைப் பின்பற்றியவர்கள் ஆவர்.

பிளாக் இவ்வாறு ஆராய்ந்துகொண்டிருந்த அதே பல்கலைக்கழகத்தில், கருவிகளைச் செய்தும் பழுதுபார்த்தும் வந்த இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் வாட். 1763-ஆம் ஆண்டையொட்டி, நியூகோமன் என்பவர் வகுத்த நீராவி எந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று பழுதுபார்க்க அவரிடம் வந்தது. அதனைச் செம்மை செய்து இயக்கியபோது, சில தடவை இயங்கியதும் அது நின்றுவிட்டது. கொதிகலம் தந்த ஆவி முழுவதும் எங்கோ வீணாயிற்று. காரணம் தேடிய வாட், நீராவியைக் குளிர்ந்த நீருக்குள் செலுத்திப் பார்த்தார். ஒரு பங்கு எடையுள்ள ஆவி, தன்னைப்போல் ஆறு பங்கு எடையுள்ள குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்தது! வியப்படைந்த அவர் பிளாக்கிடம் சென்று கூறினார். பிளாக் தம் உள்ளுறை வெப்பக் கொள்கையை விளக்கினார். 10 பாகைச் செல்சியஸ் நீரைக் கொதிக்க வைக்கக் கிராமுக்கு 90 கலோரி தேவை. ஆவி நீராகும்போது விடுவது 540 கலோரி. 540-ஐ 90-ஆல் வகுத்தால் ஆறு. வாட் கண்ட ஆறும் பிளாக் கண்ட கொள்கையும் ஒன்றையொன்று தழுவி நின்றன.

பழைய எந்திரத்தில் ஒவ்வொரு தடவையும் உருளைக்குள்ளேயே தண்ணீரைப் பீச்சி ஆவியைக் குளிர்வித்தனர். அதனால் உருளையும் குளிர்ந்தது. அடுத்த தடவை வந்த ஆவி அக்குளிர்ந்த உருளையைச் சூடேற்றுவதிலேயே தன் உள்ளுறை வெப்பத்தை இழந்தது. 1765-ஆம் ஆண்டில், ஆவியை வேறொரு கலத்திற்குக் கொண்டுசென்று குளிர்விக்கும் வழி வாட்டிற்குத் தோன்றிற்று. 1769-இல் அதற்கு அவர் காப்புரிமை பெற்றார். அவ்வெந்திரமும் அதன் வழிவந்தவையும் பின்னர் உலகத்தை மாற்றிய வரலாறு தனியே கூறத்தக்கது.

உட்சென்ற வெப்பம் பொருளுக்குள் என்ன செய்கின்றது என்பதைப் பிளாக் அறியார். அறிந்ததாகக் கூறவும் இல்லை. அக்காலத்தவர் பலர் வெப்பத்தை எடையற்ற ஒரு நுண்ணிய நீர்மமாகவே கருதினர். 1840-களில் ஜூல் என்பவர் செய்த சோதனைகளுக்குப் பின்னரே, வெப்பமும் ஆற்றலின் ஒரு வடிவம் என்பது நிலைநாட்டப்பட்டது. பனிக்கட்டியில் நீரின் மூலக்கூறு ஒவ்வொன்றும் தன்னைச் சூழ்ந்த நான்கினைப் பற்றிக்கொண்டு ஒழுங்காக நிற்கின்றது. உருகும்போது அப்பிடிகளிற் சிலவே அறுந்து ஒழுங்கு குலைகின்றது. ஆவியாகும்போதோ எல்லாப் பிடியும் அறுந்து, மூலக்கூறுகள் தனித்தனியே பிரிந்தோடுகின்றன. பிடியை அறுக்கும் வேலைக்கே ஆற்றல் செலவாவதால், மூலக்கூறுகளின் வேகம் மிகுவதில்லை. வேகம் மிகாததால் வெப்பமானியும் ஏறுவதில்லை. சில பிடிக்கு 80, எல்லாப் பிடிக்கும் 540 என்னும் வேறுபாட்டின் காரணமும் இதுவே. கருப்பூரம் உருகாமலே ஆவியாகிக் குறைவதும் இவ்வகைச் செலவினாலேயே ஆகும்.

பனி உருகுவதற்குக் கொள்ளும் இந்த 80 கலோரி, ஒரு காலத்தில் சென்னைக் கடற்கரைவரை தொடர்புற்றிருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் ஏரிகளின்மேல் உறைந்த பனியைப் பாளம் பாளமாக அறுத்து, வெப்ப நாடுகளுக்குக் கப்பலேற்றி விற்கத் துணிந்தார். பலர் நகைத்தனர். 1833-ஆம் ஆண்டு மே திங்களில் டஸ்கனி என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவிற்குப் புறப்பட்டது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக் கோட்டை இருமுறை கடந்து, நான்கு திங்கள் ஓடிச் செப்டம்பரில் அக்கப்பல் கல்கத்தாவை அடைந்தபோது, ஏறத்தாழ 100 டன் பனிக்கட்டி உருகாமல் இருந்தது. வெப்பத்தை எளிதிற் புகவிடாத உமி, மரத்தூள் போன்றவை ஒருபுறம் துணைசெய்தன. எனினும், பழைய அறிஞர்கள் எண்ணியவாறு சிறிது வெப்பத்திற்கே பனி உருகிவிடுமாயின், எந்தத் தூளும் அதனைக் காத்திராது. புகுந்த வெப்பம் ஒவ்வொரு கிராமுக்கும் 80 கலோரி கேட்கப்பட்டதனாலேயே பாதிக்கு மேற்பட்ட சரக்குத் தப்பியது.

சென்னையிலும் இவ்வணிகத்திற்கெனக் கடற்கரையை நோக்கி வட்டவடிவமான பெரிய கட்டடம் ஒன்று 1840-களின் தொடக்கத்தில் எழுந்தது. பனிக்கட்டி செய்யும் எந்திரங்கள் பரவியதும் கப்பல் வணிகம் அற்றுப்போயிற்று. 1897-ஆம் ஆண்டில் மேலைநாட்டிலிருந்து மீண்ட விவேகானந்தர் தங்கிய கட்டடம் இதுவே; இன்று இது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றுள்ளது. ஆயினும் சூழ்ந்துள்ள பகுதியை ஐஸ் அவுஸ் என்றே நகரத்தார் இன்றும் வழங்குகின்றனர்.

கடல் கடந்து வந்த அப்பனிக்கட்டி செல்வர்க்கே எட்டியது. ஏனையோர்க்கு மண்பானையே துணை. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் புறத்தே ஆவியாகின்றது. கொதியாமல் ஆவியானாலும் செலவு உண்டு. அன்றாட வெப்பநிலையில் அது கிராமுக்கு ஏறத்தாழ 580 கலோரி. அச்செலவைப் பானைக்குள் இருக்கும் நீரே ஈடுசெய்கின்றது. 10 லிட்டர் கொண்ட பானையில் 100 கிராம் நீர் ஆவியானால், வெளிவெப்பம் உட்புகாதவழி, எஞ்சிய நீர் ஏறத்தாழ 6 பாகை குளிரும்.

மனித உடலும் ஒருவகை மண்பானையே. வெயிலில் உழைப்பவனைக் காப்பது வியர்வை அன்று, வியர்வை ஆவியாதலே. காற்றில் ஈரம் மிகுந்த நாளில், வியர்வை ஆவியாகாமற் சொட்டுச் சொட்டாக விழுந்துவிடும். விழுந்த வியர்வை உடலின் வெப்பத்தைக் கொண்டுசெல்வதில்லை. கடற்கரையூர்களிற் புழுக்கம் என்று கூறுவது இந்நிலையைத்தான். அத்தகைய நாளில் வெப்பமானி பெரிதும் ஏறாதிருப்பினும், வயலிலும் கட்டட வேலையிலும் உழைப்போர் வெப்பத் தாக்குதலுக்கு ஆளாகி உயிரிழப்பதும் உண்டு. நிழலும் நீரும் இடையிடையே ஓய்வும் அவர்க்கு இன்றியமையாதன.

கொண்டுசென்ற வெப்பத்தை நீராவி திருப்பித் தரும் இடங்களும் உள்ளன. இட்டிலிப் பானையில் எழும் ஆவி, குளிர்ந்த மாவின்மேற் பட்டு நீராகும்போது தன் 540 கலோரியையும் அங்கே விட்டுவிடுகின்றது. மாவு விரைவில் வேகின்றது. மாவின் இடத்தில் கை இருந்தால் நேர்வது என்ன? 100 பாகையில் உள்ள வெந்நீர் ஒரு கிராம் தோலிற் பட்டு உடலின் வெப்பநிலைக்குக் குளிரும்போது 63 கலோரி தரும். அதே 100 பாகையில் உள்ள ஆவியோ 603 கலோரி தரும். ஒன்பது மடங்கிற்கும் மேல். ஆகவே, மூடியைத் திறக்கும்போது முகத்தை விலக்கி, ஆவி எதிர்ப்புறமாக எழுமாறு மூடியைச் சாய்த்தல் வேண்டும். ஆவி பட்டுவிட்டால், மையோ மாவோ தடவாமல், உடனே குளிர்ந்த நீரை இருபது நிமிடம் அவ்விடத்தின்மேல் ஓடவிடுதலே தக்கது.

பானையின் ஆவிக்கே இவ்வளவு ஆற்றலாயின், கடலின்மேல் எழும் ஆவிக்கு எவ்வளவு இருத்தல் வேண்டும்! ஒரு சதுரக் கிலோமீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது பதினாயிரம் டன் நீர். அந்நீர் மேகத்தில் ஆவியிலிருந்து துளியானபோது விடுத்த வெப்பம், ஏறத்தாழ 68 இலட்சம் அலகு மின்சாரத்திற்கு ஒப்பானது. வங்கக் கடலின் மேற்பரப்பு 26 அல்லது 27 பாகைக்கு மேற் சூடேறியிருக்கும் காலத்தில், ஆவி மிகுதியாக எழுகின்றது. உயரச் சென்று குளிர்ந்து துளியாகின்றது. அப்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பம் சுற்றியுள்ள காற்றை இலேசாக்கி மேலும் மேலே ஏற்றுகின்றது. கீழே காற்றழுத்தம் குறைகின்றது. குறைந்த இடத்தை நோக்கி நாற்புறத்துக் காற்றும் விரைகின்றது; வரும் வழியில் கடலிலிருந்து மேலும் ஆவியைத் திரட்டி வருகின்றது. நிலவுலகின் சுழற்சியால் அக்காற்று வளைந்து சுழல்கின்றது. வேறு சில நிலைமைகளும் இசைந்துவிட்டால், புயல் பிறக்கின்றது.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் திங்களின் நடுவில் அந்தமான் கடற்பகுதியில் தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு ஒன்று இவ்வாறே வளர்ந்தது. மேற்கு நோக்கி நகர்ந்து, வலுவேறி, 22-ஆம் நாள் இலங்கையின் வடபகுதியைக் கடந்து, அன்றிரவு தனுஷ்கோடியைத் தாக்கிற்று. இராமேசுவரத் தீவின் கோடியில், இலங்கைக்குக் கப்பலேறும் துறையாக விளங்கிய ஊர் அது. கடல் பொங்கி எழுந்து ஊர்மேற் பாய்ந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற தொடர்வண்டி, பயணிகளோடு அலைவாய்ப்பட்டது. நிலையமும் வீடுகளும் கோயிலும் தேவாலயமும் இடிந்தன. பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி சிதைந்தது. பின்னர் அவ்வூர் மக்கள் வாழ்வதற்குத் தகாத இடமென்று அரசால் அறிவிக்கப்பட்டது. இடிந்த சுவர்கள் மணலின் நடுவே இன்றும் நிற்கின்றன.

இந்நாளில் கடலில் விடப்பட்ட மிதவைகளும் விண்ணிலுள்ள செயற்கைக்கோள்களும் வங்கக் கடல்நீரின் வெப்பநிலையை இடையறாது அளந்து தெரிவிக்கின்றன. தாழ்வு ஒன்று தோன்றியவுடன், அது செல்லும் வழியிலுள்ள நீர் எவ்வளவு சூடானது, அச்சூடு எவ்வளவு ஆழம் வரையில் உள்ளது என்பவற்றை வானிலை ஆய்வாளர் முதலிற் பார்க்கின்றனர். மீனவர்க்கும் கரையோரத்தார்க்கும் நாட்கணக்கில் முன்னதாக எச்சரிக்கை போகின்றது. கரையைக் கடந்து நிலத்தின்மேல் ஏறிய புயலுக்கு ஆவியின் வரத்து அற்றுவிடுகின்றது. சுழற்சி தளர்கின்றது, ஓரிரு நாளில் உள்நாட்டில் எங்கேனும் மழையாகப் பெய்து அடங்கிவிடுகின்றது.